நோட்டு அழகா இருக்கு, எழுதினது யாரு?

ஒரு அம்மா எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடல. லெட்டர் கொஞ்சம் நீளம், முக்கியமான இடத்தை மட்டும் சுருக்கி போடறேன்:

"என் பொண்ணுக்கு 9 வயசு, டவுன் சிண்ட்ரோம். சாதாரண ஸ்கூல்ல மூணாம் கிளாஸ். ஷேடோ டீச்சர் (கிளாஸ்ல குழந்தை பக்கத்துலயே உக்காந்து உதவி பண்றவங்க) இருந்தாதான் சேர்த்துக்குவோம்னு சொன்னதால ரெண்டு வருஷமா ஒருத்தங்களை வச்சிருக்கோம். நல்லவங்க, குழந்தை மேல உயிரையே வச்சிருக்காங்க. நோட்டெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும், ஒரு பக்கம் விட்டிருக்காது. போன லீவுல சும்மா ஒரு வெள்ளை பேப்பர் குடுத்து உன் பேரை எழுதுடா கண்ணுன்னேன். பென்சிலை எடுத்தா, என்னை பார்த்து சிரிச்சா, பென்சிலை என் கையில வச்சு, என் கையை பிடிச்சு பேப்பர் மேல கொண்டு வந்து வச்சா. எனக்கு வயித்தை கலக்கிடுச்சு. ஷேடோவை நிறுத்திடவா? நிறுத்தினா ஸ்கூல் என்ன சொல்லும்? வீட்டுலயும் நான் பக்கத்துல உக்காரலைன்னா ஒரு எழுத்து எழுத மாட்டேங்கறா. பென்சில் பிடிக்கறதும் சரியில்ல. இவளால முடியாதா, இல்ல நாங்கதான் கெடுத்துட்டோமா?"

வணக்கம்மா. கடைசி கேள்விக்கு முதல்ல வரேன், அதுதான் உங்களை தூங்க விடாம பண்ணியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை பத்தி நீங்க எழுதினதை நான் மூணு தடவை படிச்சேன். பென்சிலை எடுத்திருக்கா, உங்க முகத்தை பார்த்திருக்கா, சிரிச்சிருக்கா, உங்க கையில பென்சிலை வச்சு அந்த கையை பேப்பர்ல சரியான இடத்துக்கு கொண்டு போயிருக்கா. இது ஒண்ணும் தெரியாத குழந்தை பண்ற வேலையா சொல்லுங்க? எழுதறதுன்னா என்னன்னு ரெண்டு வருஷமா நாம அவளுக்கு என்ன காட்டினோமோ அதை ஒரு ஸ்டெப் விடாம அப்படியே திருப்பி பண்ணி காட்டியிருக்கா. பெரியவங்க கைக்கு பென்சில் போகணும், அப்புறம் எழுத்து வரும், அப்புறம் எல்லாரும் வெரிகுட் சொல்லுவாங்க. நல்லாவே கத்துக்கிட்டா. சொல்லிக் குடுத்த பாடம்தான் வேற பாடமா போயிடுச்சு.

கெடுத்துட்டோம்னு சொல்லாதீங்க, ஆனா பொறுப்பு நம்ம பக்கம் இருக்குங்கறதும் நிஜம். நான் "நம்ம"ன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆகறதுக்கு முன்னாடி நானும் ஷேடோவாதான் இருந்தேன். ஒரு பையன், ஏழு வயசு, ரொம்ப சாது. காலையில அவன் வந்து உக்காந்ததும் பையை திறந்து நோட்டு எடுத்து, பக்கம் பிரிச்சு, தேதி போட்டு, பென்சிலை சீவி கையில குடுப்பேன். எனக்கு பெருமை வேற, கிளாஸ்லயே முதல்ல ரெடியாகறது என் பையன்தான்னு. ஒரு நாள் ஜுரம், நான் போகல. மறுநாள் கிளாஸ் டீச்சர் சொன்னாங்க, அவன் மத்தியானம் வரைக்கும் பையை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தானாம், அழக்கூட இல்லையாம். யாராவது வந்து திறப்பாங்கன்னு காத்திருந்திருக்கான். ஒரு வருஷமா நான் அவனுக்கு சொல்லிக் குடுத்தது அதைத்தான், காத்திருக்கறதை. இன்னிக்கும் யாராவது குழந்தை பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

சரி, நோட்டுக்கு வருவோம். அந்த நோட்டு யாருக்காக எழுதப்படுதுன்னு யோசிச்சு பாருங்க. ஷேடோவா இருக்கறவங்க நிலைமை உங்களுக்கு முழுசா தெரியாது. நாள் முழுக்க அவங்க பட்ட பாடு சாயங்காலம் உங்க கண்ணுக்கு தெரியறது அந்த ஒரு நோட்டுலதான். பக்கம் காலியா இருந்தா "இன்னிக்கு ஒண்ணும் பண்ணலையா"ன்னு நீங்க கேப்பீங்க, நீங்க கேக்கலைன்னா பாட்டி கேப்பாங்க, ஸ்கூல்ல நோட்டு செக் பண்றவங்க கேப்பாங்க. போர்டுல பத்து வரி இருக்கு, உங்க பொண்ணு ஒரு எழுத்து எழுதி முடிக்கறதுக்குள்ள டீச்சர் அழிச்சிடறாங்க, அப்போ அவங்க என்ன பண்ணுவாங்க? கையை பிடிச்சு எழுத வைப்பாங்க, அதுவும் முடியலைன்னா அவங்களே எழுதிடுவாங்க. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, குழந்தைக்கு திட்டு விழக்கூடாதுன்னுதான். நீங்களும் அந்த அழகான நோட்டை பார்த்து ரெண்டு வருஷமா தேங்க்ஸ் சொல்லியிருப்பீங்கல்ல? அந்த தேங்க்ஸ்தான் அடுத்த நாள் இன்னும் ரெண்டு பக்கம் எழுத வச்சிருக்கும்.

இது உங்க வீட்டு கதை மட்டும் இல்ல. பிரிட்டன்ல 2003-ல இருந்து 2008 வரைக்கும் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட்னு ஒரு பேராசிரியர் டீம், வகுப்புல உதவிக்கு இருக்கறவங்களை பத்தி ரொம்ப பெரிய ஆய்வு ஒண்ணு பண்ணாங்க, 8,200 பிள்ளைங்களோட முன்னேற்றத்தை பார்த்தாங்க. உதவி அதிகமா கிடைச்ச பிள்ளைங்க, கிட்டத்தட்ட அதே நிலையில இருந்து உதவி கம்மியா கிடைச்ச பிள்ளைங்களை விட கம்மியாதான் முன்னேறியிருக்காங்க. நிறைய பேருக்கு அதிர்ச்சி. ஆனா கவனிங்க, அவங்க அந்த உதவியாளர்களை குத்தம் சொல்லல. டீச்சரோட உக்காந்து பிளான் பண்ண நேரமே குடுக்கல, ட்ரெய்னிங் கம்மி, அதனால அவங்க கவனம் எல்லாம் வேலையை முடிக்கறதுலயே போயிடுது, குழந்தை புரிஞ்சுக்கிச்சாங்கறதுல போகல. அதோட உதவியாளர் பக்கத்துல இருக்காங்கன்னதும் டீச்சர் அந்த குழந்தைகிட்ட பேசறதே குறைஞ்சு போயிடுது. இந்த கடைசி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுக்கு திரும்ப வரேன்.

இன்னொண்ணு, 1997-ல அமெரிக்காவுல மைக்கேல் ஜியான்கிரேகோங்கறவர் எழுதின கட்டுரை. பெரியவங்க ஒருத்தர் எப்பவும் ஒட்டிக்கிட்டே இருந்தா என்னென்ன ஆகுதுன்னு வகுப்பறைகள்ல உக்காந்து பார்த்து எழுதியிருக்கார். மத்த பிள்ளைங்க கிட்ட வர மாட்டாங்க, குழந்தை பெரியவங்களையே நம்பி இருக்கும், தானா எதையும் தேர்ந்தெடுக்கற வாய்ப்பே போயிடும். ஒரு சின்ன விஷயம் எனக்கு அப்படியே மனசுல நின்னுடுச்சு, உதவியாளர் பெண்ணா இருந்தா பையனை பெண்கள் டாய்லெட்டுக்கே கூட்டிட்டு போறாங்கன்னு. யாருக்கு வசதியோ அதுதான் நடக்குது.

அதுக்காக நாளைக்கே ஷேடோவை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். ரெண்டு வருஷமா கைத்தடி வச்சு நடந்தவங்ககிட்ட திடீர்னு தடியை பிடுங்கினா விழத்தான் செய்வாங்க, விழுந்ததும் "பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமே"ன்னு ஒரு குரல் வரும், அப்புறம் முன்னை விட கெட்டியா பிடிச்சுக்குவாங்க. ஆளை மாத்த வேண்டாம், அவங்க வேலையை மாத்துங்க. குழந்தைக்கு அவங்க மேல இருக்கற பாசம் லேசுல கிடைக்கற பொருள் இல்ல.

கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவாங்கல்ல, அதே வார்த்தையைத்தான் இந்த துறையிலயும் வச்சிருக்காங்க. 1976-ல உட், புரூனர், ராஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரையில வந்தது. 3, 4, 5 வயசு குழந்தைங்க 30 பேருக்கு 21 மரக்கட்டையை வச்சு ஒரு பிரமிடு கட்ட எப்படி சொல்லிக் குடுக்கறதுன்னு பார்த்தாங்க. அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒரே விஷயம்தான், குழந்தைக்கு முடியலைன்னா உதவியை ஒரு படி ஏத்து, முடிஞ்சா உடனே ஒரு படி இறக்கு. ஏத்தறது நம்ம எல்லாருக்கும் வரும். இறக்கறதுக்குத்தான் கை வராது. சாரத்தை பிரிக்காம விட்ட கட்டடத்துல யாராவது குடியிருப்பாங்களா?

ஆனா உதவியை இறக்கறதுக்கு முன்னாடி வேலையை மாத்தணும், இதை யாரும் உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. போர்டுல இருக்கற பத்து வரியை அவ தனியா எழுதணும்னு வச்சா அவ தோத்துதான் போவா, அப்போ கையை பிடிக்கறதை தவிர வேற வழியே இருக்காது. பத்து வரி வேண்டாம். அந்த பாடத்துல முக்கியமான மூணு வார்த்தை போதும். அதை கார்டுல பெருசா எழுதி, படத்தோட சேர்த்து வைக்கட்டும். டவுன் சிண்ட்ரோம் இருக்கற குழந்தைங்களுக்கு காதால கேட்டதை மனசுல பிடிச்சு வைக்கறது கஷ்டம், கண்ணால பார்த்தது நல்லா நிக்கும், பெரும்பாலும் இப்படித்தான். அதனாலதான் இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத்துல சூ பக்லிங்கற உளவியலாளர் 1980-கள்ல தொடங்கின வேலையில இருந்தே, இந்த குழந்தைங்களுக்கு முழு வார்த்தையா காட்டி படிக்க வைக்கறது ஒரு முக்கியமான வழியா இருக்கு. முதல்ல ஒரே மாதிரி இருக்கற ரெண்டு கார்டை சேர்க்கறது, அப்புறம் நாம சொன்ன வார்த்தையை எடுத்து குடுக்கறது, அப்புறம்தான் அவளே வாயால சொல்றது. பேச்சு தெளிவா வராத குழந்தை கூட ரெண்டாவது படியில தனக்கு தெரியும்னு காட்டிடும். எழுத்துக்கள் சேர்ந்து ஒலி வர்றதை கூடவே சொல்லிக் குடுக்கணும், அதை விட்டுடக்கூடாது, ஆனா ஆரம்பம் வார்த்தையில இருக்கட்டும். மூணு வார்த்தையை வரிசையா அடுக்கி ஒரு வாக்கியம் பண்ணி பசை போட்டு நோட்டுல ஒட்டினா அது அவ பண்ணின வேலை. கோணலா ஒட்டியிருந்தா கோணலாவே இருக்கட்டும்.

அடுத்தது காத்திருக்கறது. கேக்க ஈஸியா இருக்கும், பண்ணி பாருங்க தெரியும். மேரி பட் ரோன்னு ஒரு அறிவியல் ஆசிரியை 1970-கள்ல வகுப்புகளை டேப் பண்ணி பார்த்தாங்க, டீச்சர் ஒரு கேள்வி கேட்டுட்டு பதிலுக்காக சராசரியா 1 செகண்ட்தான் காத்திருக்காங்க. அதை 3 செகண்டுக்கு மேல நீட்டினதும் பதில் நீளமாச்சு, வாயே திறக்காத பிள்ளைங்க திறந்தாங்க. அது சாதாரண பிள்ளைங்களுக்கு. உங்க பொண்ணுக்கு நான் 10 சொல்லுவேன், சில சமயம் 15. "பையை திற"ன்னு சொன்னதும் மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ஏழுல உங்க கை தானா முன்னால போகும், என்னுது இன்னிக்கும் போகுது, அதனால நான் கையை தொடைக்கு கீழ வச்சு உக்காந்துடுவேன். முக்கியமா, எண்ணிக்கிட்டு இருக்கும்போது "திறடா, திறக்கணும்ல, ஜிப் எங்க"ன்னு திரும்ப திரும்ப சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவ மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தது நின்னு முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

பத்து ஆயிடுச்சு, ஒண்ணும் நடக்கல, அப்போ? இருக்கறதுல சின்ன உதவியா ஒண்ணு குடுங்க. ஜிப்பை விரலால காட்டுங்க, வாயை திறக்காம. அதுக்கும் வரலைன்னா ஒரே வார்த்தை. அதுக்கும் வரலைன்னா நீங்க உங்க பையை திறந்து காட்டுங்க. கையை பிடிக்கறது கடைசி, அதுலயும் விரலை பிடிக்காம மணிக்கட்டுல, அப்புறம் முழங்கையில லேசா தொட்டா போதும்னு பின்னால போயிட்டே இருக்கணும். ஆனா இது அவளுக்கு ஏற்கனவே கொஞ்சம் தெரிஞ்ச வேலைக்குத்தான். புத்தம் புதுசா ஒண்ணு சொல்லிக் குடுக்கும்போது தலைகீழ், முதல்ல முழு உதவி, தப்பு பண்ண விடாம ரெண்டு மூணு தடவை சேர்ந்து பண்ணிட்டு, அப்புறம் குறைக்கறது. தெரியாத வேலைக்கு பத்து எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா அது கொடுமை. அந்த வித்தியாசம் ஷேடோ மிஸ்ஸுக்கும் தெரியணும். ஒரு விஷயம் நிறைய பேர் தலைகீழா நினைக்கறாங்க, வாயால சொல்றது லேசான உதவி, கையை பிடிக்கறதுதான் பெருசுன்னு. என் அனுபவத்துல எடுக்கறதுக்கே முடியாத உதவி வாயால சொல்றதுதான். "அடுத்தது... அடுத்தது..."ன்னு சொல்லி பழக்கிட்டா அந்த "அடுத்தது" வரலைன்னா குழந்தை நகராது. அதுக்கு பதிலா அடுத்தடுத்து என்னன்னு நாலு படத்தை வரிசையா மேசையில ஒட்டிடுங்க, பை, நோட்டு, பென்சில், தேதி. அவளே பார்த்துக்குவா.

இப்போ நோட்டுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. பெரியவங்க யாரு எழுதினாலும் பச்சை பேனாவுல எழுதட்டும், அவ பென்சிலை பெரியவங்க தொடவே கூடாது. ஒவ்வொரு வேலைக்கு பக்கத்துலயும் மூலையில ஒரு குறி, தானா பண்ணினா "தா", சைகை காட்டி பண்ணினா "சை", சொல்லி பண்ணினா "சொ", கை பிடிச்சு பண்ணினா "கை". அவ்வளவுதான், ரிப்போர்ட் எல்லாம் எழுத வேண்டாம், அதுக்கு அவங்களுக்கு நேரமும் கிடையாது. நீங்க சாயங்காலம் நோட்டை திறந்ததும் எத்தனை பக்கம்னு பார்க்காம எத்தனை "தா"ன்னு பாருங்க. முதல் வாரம் எல்லாமே "கை"யா இருக்கும், பரவாயில்ல, நிஜத்தை எழுதினதுக்கு அவங்களுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க. எந்த நோட்டுக்கு தேங்க்ஸ் கிடைக்குதோ அந்த நோட்டுதான் வரும்.

இதை அவங்ககிட்ட எப்படி பேசறதுன்னு தயங்குவீங்க. "நீங்க பண்றது தப்பு"ன்னு ஆரம்பிக்காதீங்க, பாவம் மனசு உடைஞ்சு போயிடுவாங்க. "இனிமே பக்கம் காலியா இருந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், வீட்டுலயும் யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு ஆரம்பிங்க. பாதி பிரச்சனை அங்கேயே தீரும். அதோட வாரத்துக்கு ஒரு தடவையாவது கிளாஸ் டீச்சரும் அவங்களும் கால் மணி நேரம் சேர்ந்து உக்கார ஸ்கூல்ல கேளுங்க, அடுத்த வாரம் என்ன பாடம், அதுல எந்த மூணு வார்த்தைன்னு.

அந்த சிரிப்பை பத்தியும் சொல்லணும். பென்சிலை குடுக்கறதுக்கு முன்னாடி சிரிச்சான்னு எழுதியிருந்தீங்கல்ல. டவுன் சிண்ட்ரோம் இருக்கற குழந்தைங்க கஷ்டமான வேலை வந்தா சிரிச்சு, கட்டிப்பிடிச்சு, கைதட்டி, பாட்டு பாடி நம்மளை திசை திருப்பறதை ஜெனிஃபர் விஷார்ட்ங்கறவங்க ரொம்ப காலம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. முடியாத வேலைக்கு மட்டும் இல்ல, முடியற வேலைக்கே அப்படி பண்ணுவாங்கங்கறதுதான் அதுல விஷயம். அந்த சிரிப்புக்கு உருகாதவங்க யாரு, நானே எத்தனை தடவை ஏமாந்திருக்கேன். அடுத்த தடவை பென்சிலை உங்க கையில வைக்க வந்தா கையை மூடிக்கோங்க. கோவம் வேண்டாம், "மாட்டேன்"னும் சொல்ல வேண்டாம், அவ முகத்தை பார்க்காம பேப்பரை பாருங்க, எழுத வேண்டிய இடத்துல ஒரு புள்ளி வச்சு அதை விரலால தொட்டு காட்டுங்க. முகத்தை பார்த்தீங்கன்னா போச்சு, அவ ஜெயிச்சிடுவா.

பேர் எழுதறதையே எடுத்துக்குவோம். வெள்ளை பேப்பர்ல முழு பேரையும் எழுதுன்னு கேட்டது பெரிய மலை. பின்னால இருந்து ஆரம்பிங்க. பேர்ல நாலு எழுத்துன்னா மூணை நீங்க பச்சையில எழுதிடுங்க, கடைசி எழுத்து மட்டும் அவளுக்கு, முதல்ல புள்ளி வச்சு. அவ எழுதினதும் பேர் முடிஞ்சிடும், முடிச்சது அவ. ஒரு வாரமோ மூணு வாரமோ, அது நின்னதும் கடைசி ரெண்டு எழுத்து. இப்படியே முன்னால நகருங்க. முதல் எழுத்துல இருந்து ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் அவ ஆரம்பிப்பா, நீங்க முடிப்பீங்க, முடிச்ச சந்தோஷம் உங்களோடது ஆயிடும். ஜிப்பும் அப்படித்தான். நீங்க திறந்துக்கிட்டே போய் கடைசி ரெண்டு விரக்கடை தூரத்துல நிறுத்துங்க, அதை அவ இழுக்கட்டும். அடுத்த வாரம் நாலு விரக்கடை. இடது கையால பையோட மூலையை அழுத்தி பிடிக்கணும், அது இல்லைன்னா ஜிப்போட பையே கூட வந்துடும், அங்கதான் நிறைய குழந்தைங்க விட்டுடறாங்க. ஜிப் நுனியில ஒரு பெரிய வளையம் மாட்டிட்டா விரலுக்கு பிடி கிடைக்கும். இந்த குழந்தைங்களுக்கு தசை கொஞ்சம் தளர்வா இருக்கும், பிடி வலு கம்மி, சோம்பேறித்தனம்னு நினைச்சுடாதீங்க.

வீட்டுல பக்கத்துல உக்காரலைன்னா எழுத மாட்டேங்கறான்னு சொன்னீங்க. உக்காருங்க, ஆனா உங்களுக்குன்னு ஒரு வேலை வச்சுக்கிட்டு உக்காருங்க, கணக்கு எழுதறதோ துணி மடிக்கறதோ. ஒரு வாரம் போனதும் நாற்காலியை கொஞ்சம் தள்ளுங்க. அப்புறம் எதிர்ல. அப்புறம் ரூம்லயே வேற மூலைக்கு. அவ கவனிச்சா சிரிச்சுட்டு உங்க வேலையை பாருங்க. வேலையும் 5 நிமிஷ வேலையா இருக்கட்டும், 40 நிமிஷம் எந்த குழந்தையும் தாங்காது.

ஸ்கூல்லயும் இதே நாற்காலி கதைதான். இப்போ ஷேடோ மிஸ் தோளோட தோள் உரச உக்காந்திருப்பாங்கன்னு நினைக்கறேன். முதல்ல கொஞ்சம் பின்னால, அப்புறம் அடுத்த பெஞ்ச், அப்புறம் கிளாஸ் முழுக்க சுத்தி மத்த பிள்ளைங்களுக்கும் உதவி பண்ணட்டும். இதை கிளாஸ் டீச்சர்கிட்ட சொன்னா பெரும்பாலும் சந்தோஷமா ஒத்துக்குவாங்க, அவங்களுக்கு இன்னொரு ஜோடி கை கிடைக்குதே. "ஷேடோ இல்லாம முடியாது"ன்னு சொன்ன ஸ்கூல்கிட்டயும் நிறுத்தறேன்னு போய் நிக்காதீங்க, ஷேடோவை கிளாஸுக்கே குடுக்கறேன்னு போங்க, பேச்சே வேற மாதிரி போகும். அவ தனியா எந்த நேரத்துல சமாளிக்கறாளோ, ட்ராயிங் பீரியடோ பிரேயரோ, அங்க முதல்ல விடுங்க. கணக்கு பீரியட் கடைசியா பார்த்துக்கலாம்.

அப்புறம் அந்த டீச்சர் விஷயம், திரும்ப வரேன்னேன்ல. கிளாஸ் டீச்சர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ஒரு நாளைக்கு மூணு தடவை என் பொண்ணு பேரை சொல்லி நேரா அவகிட்ட ஏதாவது கேளுங்கன்னு. ஷேடோகிட்ட "அவளை நோட்டு எடுக்க சொல்லுங்க"ன்னு சொல்லாம, அவளை பார்த்து "நோட்டை எடு". அதுவே போதும் ஆரம்பத்துக்கு. மூணாம் கிளாஸ் டீச்சருக்கு அவ மாணவியா, ஷேடோவோட குழந்தையாங்கறது இந்த மூணு வாக்கியத்துலதான் இருக்கு. மத்த பிள்ளைங்களும் அதை பார்த்துதான் அவகிட்ட எப்படி பேசறதுன்னு கத்துக்குவாங்க. இடைவேளையில ஷேடோ மிஸ் ரெண்டு பேர் நின்னு பேசற தூரத்துக்கு அப்பால நிக்கட்டும், பெரியவங்க ஒருத்தர் காவலுக்கு நிக்கற இடத்துக்கு எந்த எட்டு வயசு பிள்ளை விளையாட வரும்?

ஒரு எச்சரிக்கை. முதல் மூணு நாலு வாரம் எல்லாமே மோசமாகும். அழுவா, பென்சிலை தூக்கி போடுவா, நோட்டு பாதி காலியா இருக்கும், ஷேடோ மிஸ் "என்னால பார்க்க முடியல"ன்னு உங்களுக்கு போன் பண்ணுவாங்க. இத்தனை நாள் வேலை செஞ்ச வழி திடீர்னு வேலை செய்யலைன்னா யாரா இருந்தாலும் முதல்ல இன்னும் பலமா அதையே பண்ணி பார்ப்பாங்க, லிஃப்ட் வரலைன்னா பட்டனை பத்து தடவை அழுத்தறோமே அந்த மாதிரி. அந்த நேரத்துல ஒரு தடவை விட்டு குடுத்தா பத்து தடவை அழுத்தினா வரும்னு கத்துக்குவா. அதனால எல்லா வேலையிலயும் ஒரே சமயத்துல ஆரம்பிக்காதீங்க. ரெண்டே ரெண்டு எடுங்க, பை திறக்கறதும் பேர் எழுதறதும், மத்ததெல்லாம் பழையபடி உதவியோடவே நடக்கட்டும். ஆனா நாலு வாரம் தாண்டியும் அதே அழுகைன்னா பிடிவாதம்னு விட்டுடாதீங்க, வேலை இன்னும் பெருசா இருக்கு, அதை வெட்டி சின்னதாக்கணும்.

இதையெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கண்ணும் காதும் பார்த்துடுங்க. சின்ன வயசுல பார்த்தாச்சுன்னு சொல்லுவீங்க, திரும்பவும் பாருங்க. டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு நடுக்காதுல நீர் கோத்துக்கிட்டு கேக்கறது கூடி குறையும், இன்னிக்கு கேக்கும் அடுத்த மாசம் கேக்காது. தூரத்துல இருக்கறது நல்லா தெரிஞ்சாலும் கிட்டத்துல ஃபோகஸ் வராம இருக்கறது இவங்ககிட்ட ரொம்ப சகஜம், பிரிட்டன்ல கார்டிஃப்ல மேகி வுட்ஹவுஸ்ங்கறவங்க டீம் இதை பத்தி நிறைய பண்ணியிருக்காங்க, பைஃபோகல் கண்ணாடி (மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி கிட்டத்துக்கு) போட்டதும் நல்ல வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. 9 வயசு குழந்தைக்கு பைஃபோகலான்னு கடையில சிரிப்பாங்க, சிரிக்கட்டும். டாக்டர்கிட்ட "கிட்டத்து ஃபோகஸை தனியா டெஸ்ட் பண்ணுங்க"ன்னு வாய்விட்டு கேளுங்க, கேக்கலைன்னா சில பேர் போர்டை மட்டும் காட்டி அனுப்பிடுவாங்க. நோட்டே மங்கலா தெரியற குழந்தைகிட்ட நாம காத்திருந்து என்ன பிரயோஜனம். தைராய்டும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும், அது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

பென்சில் பிடிக்கறதை இப்போதைக்கு திருத்த போகாதீங்க. நாலு விரலால பிடிச்சா பிடிக்கட்டும், ஒரே நேரத்துல எழுதவும் கத்துக்கணும் பிடியும் மாத்தணும்னா ரெண்டும் கெட்டு போகும். முக்கோணமா, குண்டா, கட்டை விரல் நீளத்துக்கு உடைச்ச பென்சில் குடுங்க, சின்ன பென்சிலை முஷ்டியில பிடிக்க முடியாது, விரல் நுனிக்கு தானா வந்துடும். பேப்பருக்கு கீழ சாய்வா ஒரு ஃபைல் வையுங்க, நாற்காலியில உக்காந்தா கால் தரையில படணும், படலைன்னா ஒரு பலகை போடுங்க. கால் தொங்கிட்டு இருந்தா கையில நிதானம் வராது. கண் டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் எழுதுங்க, பவர் எவ்வளவுன்னு பார்த்துட்டு வார்த்தை கார்டு எந்த சைஸ்ல போடலாம்னு சொல்றேன்.